எமல்டா டீச்சரின் பனியாறு

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க. பெட்டியில இடிச்சிரப்படாது. தெர்மாகோல்தான, லேசாப் பட்டாலே ஓரம் பிஞ்சிரும். ஆங், அவ்வளவுதான். சந்தோசம்.

ஏறும்போது கண்டக்டர் கேட்டாரு பாத்தீங்களா, என்னய்யா பெட்டியில, மீனா, மீன்னா கீழ இறங்குன்னு. நான் இல்லவே இல்லேன்னுட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, மீன்தான். நல்ல சீலா. மக மதுரையில இருக்கா, அவளுக்கு. வாடையே அடிக்கலயேன்னு பாக்கீங்களா? காலம்பூரா ஐஸ் கம்பெனியில இருந்தவன் கட்டுன பெட்டி தம்பி இது. வாடை எங்கிட்டு வரும்?

தூத்துக்குடிதான். பேரு தஸ்நேவிஸ். எங்க ஊரு மாதா பனிமய மாதா, கேள்விப்பட்டிருப்பீங்க. வெயில்ல உப்பு காயுற ஊருக்குப் பனி மாதா! அந்த மாதாவோட போர்த்துக்கீசுப் பேருதான் எனக்கும், பனின்னுதான் அர்த்தம். ஆக பேருலயும் பனி, பொழப்பும் பனி. இப்படிப்பட்ட என்னைப் பாத்து எம் பொண்டாட்டி என்ன கேக்குதா தெரியுமா? "காஷ்மீருக்குப் போயி பனியாறு பாத்துட்டு வருவோமா"ன்னு கேக்குதா. மக்ரூன் போடுறவனைக் கூப்பிட்டு, வாய்யா சீனி பாக்கப் போவோம்னு சொன்னா அவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

எமல்டான்னு பேரு அவளுக்கு. எமல்டா டீச்சர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குப் புவியியல் எடுத்தவ. வருசா வருசம் அந்தப் பாடம் வருமாம். பனியாறு என்பது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். இவ அதைக் கரும்பலகையில படம் போட்டு நடத்துவாளாம். ஒரு வருசம் ஒரு பிள்ளை எந்திரிச்சு, "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டு. இவ என்ன சொன்னான்னா, "எங்க வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில இருக்காரு, அதையே பாக்க நேரமில்ல"ன்னு. வகுப்பே சிரிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லி அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா பாருங்க, அது அவ மனசுல முள்ளாக் கிடந்திருக்கு. ரிட்டயர் ஆன அன்னிக்கு எல்லாரும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, என்ன டீச்சர் செய்யப்போறீங்கன்னு கேட்டா, இவ மைக்ல சொல்லுதா, "பனியாறு பாக்கப் போறேன்"ன்னு. மைக்ல! கட்டுன புருசன் முன்வரிசையில உக்காந்திருக்கேன், எனக்கே அப்பத்தான் தெரியும்.

நான் வரமாட்டேன்னுட்டேன். பிளேன்ல ஏற பயம்னு நினைச்சுராதீங்க. அதெல்லாம் கிடையாது. கொள்கை. ஐஸை ஊருக்கே செஞ்சு குடுத்தவன் ஐஸைத் தேடிப் போகலாமா?

அவ ஒத்தையில போகமாட்டான்னு நினைச்சேன். அங்கதான் தப்புக்கணக்கு. எங்க தெருவுல அன்பியம்னு ஒண்ணு உண்டு. வாரா வாரம் ஒரு வீட்டுல கூடிச் செபம் சொல்லுவாங்க, பெறகு காப்பி, வடை, ஊர்க்கதை. அந்தக் கூட்டத்துல இவ பனியாத்தைப் பத்திப் பேசியிருக்கா. வடை திங்குற நேரத்துல அத்தனை பொம்பளைகளும் வாரேன்னுட்டாங்க. முதல் ஆளு பக்கத்து வீட்டு ரொசாரியம்மா. அந்தம்மா மாடிப்படி ஏறவே ரெண்டு இடத்துல உக்காரும். அது பனிமலை ஏறப்போகுதாம்!

இதைத் தடுக்கணுமா வேண்டாமா? வயசான காலத்துல கையைக் காலை ஒடைச்சுட்டு வந்தா யாரு பாக்குறது? நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன். நேரா வேண்டாம்னு சொன்னா டீச்சர் கேக்கமாட்டா. அதனால நானே திட்டம் போட்டுத் தாரேன்னு உள்ள புகுந்துட்டேன். எமல்டாவுக்கு ஒரே சந்தோசம். "பாத்தீங்களா, உங்களுக்கும் ஆசை வந்துட்டு"ங்கா. வந்துட்டு வந்துட்டுன்னேன்.

முதல்ல ரொசாரியம்மாவைப் பிடிச்சேன். "அம்மா, அங்க பனியாறு வரைக்கும் குதிரையில போகணும். காலை ரெண்டு பக்கமும் போட்டு உக்காரணும். குதிரை வழியில மிரண்டுச்சுன்னா நேரா பள்ளத்தாக்குதான்"னு ஒரு போடு போட்டேன். அந்தம்மா கண்ணை விரிச்சுக்கிட்டு, "அப்படியா அண்ணே"ன்னு கேட்டுட்டுப் போயிட்டு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில பல் விளக்க வெளிய வாரேன், ரொசாரியம்மா எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள குட்டைச்சுவர் மேல ஏறி ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்திருக்கு. கையில ஒரு கயிறு, கயித்து நுனியை முருங்கையில கட்டியிருக்கு. "பழகிப் பாக்கேன் அண்ணே. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு"ங்குது. வாயில பிரஷ்ஷோட அப்படியே உள்ள போயிட்டேன்.

சரி, தேதியில கை வைப்போம்னு பாத்தேன். எங்க ஊருல ஆகஸ்ட் அஞ்சு மாதா திருவிழா. சூலை கடைசியில கொடியேத்துனா பெறகு சப்பரம் முடியிற வரைக்கும் எந்தப் பொம்பளையும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டா. வெளிநாட்டுல இருக்கவனே லீவு போட்டுட்டு வருவான். அதனால நான் ரொம்ப விசாரிச்சவன் மாதிரி, "பனியாறு பாக்கத் தோதான காலம் கொடியேத்தத்துல ஆரம்பிச்சு ஒரு பத்து நாளு, அதை விட்டா அடுத்த வருசம்தான்"னு அடிச்சு விட்டேன். மாதாவை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கும்மாளம்.

எமல்டா மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. புவியியல் டீச்சர்ங்கிறதை மறந்துட்டேன் பாருங்க. சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிற மாதிரி விரலை வச்சுக்கிட்டு, "பனி எப்ப உருகும், எப்ப இருக்கும்னு எனக்கும் கொஞ்சம் தெரியும். சப்பரம் முடிஞ்ச மறுவாரம் கிளம்புதோம். மாதாகிட்ட உத்தரவு வாங்கிட்டுப் போன மாதிரியும் இருக்கும்"னா. ரொசாரியம்மா கை தட்டுது. "பனி மாதா பிள்ளைக நாம. சாகுறதுக்குள்ள பனியை ஒரு தடவை பாக்காண்டாமா"ன்னு ஒரு கேள்வி வேற. அன்னிக்கே டிக்கெட்டுக்குச் சொல்லிட்டாங்க. எங்க ஊருலயே ஏர்போர்ட் இருக்கு, ஆனா டூர்க்காரரு மதுரையில இருந்துதான் கூட்டிட்டுப் போவேன்னுட்டாரு.

எனக்கும் சேத்துச் சொல்லிட்டா தம்பி. என்கிட்ட கேக்கல. "உங்களுக்கு ஜன்னல் சீட்டு"ன்னா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. பயம் இல்ல. பயம்னு யாரு சொன்னா? மீன் குழம்புல அன்னிக்குப் புளி தூக்கல்.

இன்னும் ஒரே வழிதான் மிச்சம். "பனியில நிக்கணும்னா உடம்புக்குப் பழக்கம் வேணும். எங்க கம்பெனிக்கு வாங்க, ஐஸ் ஸ்டோருக்குள்ள அரைமணி நேரம் இருந்து பாருங்க. தாங்குறவங்க போகலாம், தாங்காதவங்க மாதாவைக் கும்பிட்டுட்டு வீட்டுல இருங்க"ன்னேன். ஸ்டோர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு ஐஸ் பார் அடுக்கியிருக்கும். கதவைச் சாத்துனா மூச்சு புகையா வரும். புதுசா வேலைக்கு வார பயலுக அஞ்சு நிமிசத்துல வெளிய ஓடிருவானுக. எங்க முதலாளியும், கூட்டிட்டு வாங்க அண்ணாச்சின்னுட்டாரு. அவருக்கு வேடிக்கை பாக்கணும்.

வந்தாங்க பாருங்க ஒரு ஊர்வலம். எங்க ஊருல சுவெட்டருக்கு யாரு எங்க போவா? சேலைக்கு மேல புருசன்மாரு முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, பேரப்பிள்ளை ஸ்கூல் சாக்ஸ். ரொசாரியம்மா மட்டும் மகன் கப்பல்ல இருந்து கொண்டாந்த கோட்டைப் போட்டுக்கிட்டு, கட்டபொம்மன் கணக்கா நடந்து வருது. எல்லாரையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்துனேன். நானும் உள்ள நின்னேன். எப்படி? வேட்டி, பனியன். அவ்வளவுதான். தோள்ல துண்டு கூட இல்ல. தொழில்காரன்னா யாருன்னு பாக்கட்டும்னு.

அஞ்சு நிமிசத்துல ஓடுவாங்கன்னு பாத்தா, செபமாலையை எடுத்துட்டாங்க தம்பி. அம்பத்து மூணு மணியும் நிதானமா, ராகமா. அது முடிஞ்சதும் மாதா பாட்டு. பாட்டு முடிஞ்சதும் ஒரு கூடையில இருந்து சுக்குக்காப்பி வருது. எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. வெளிய போலாமான்னா மானம் போயிரும்.

அப்ப எமல்டா எந்திரிச்சு ஐஸ் பார் மேல உள்ளங்கையை வச்சா. வச்சுக்கிட்டு மத்த பொம்பளைகளுக்குச் சொல்லுதா, "இதை நம்ம கோயில் கோபுரம் உசரத்துக்கு நினைச்சுக்கிடுங்க. நீளம் நம்ம துறைமுகம் வரைக்கும். அது அப்படியே நகருது. கண்ணுக்குத் தெரியாம நகருது. கல்லையும் மண்ணையும் அரைச்சு இழுத்துக்கிட்டு வருது. எத்தனையோ காலத்துக்கு முன்னாடி பெஞ்ச பனி அதோட அடியில இருக்கு"ன்னு. அவ வகுப்பு எடுத்து நான் பாத்ததே இல்ல, பாத்துக்கிடுங்க. அன்னிக்குத்தான் பாத்தேன். கல்யாணம் ஆகி வந்த புதுசுல கடல்ல கால் நனைக்கும்போது ஒரு முகம் வச்சிருந்தா. அந்த முகம். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. குளிராலன்னு நினைச்சேன்.

அரைமணி ஆச்சு, கதவைத் திறந்தா பொம்பளைக அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டு வெளிய வாராங்க. எனக்கு வரிசையாத் தும்மல். முதலாளி, "என்ன அண்ணாச்சி, நீங்க மட்டும் ஃபெயிலா"ங்காரு. காலம்பூரா இருந்த இடம் தம்பி அது! வேலையில இருக்கும்போது ஓடிக்கிட்டே இருப்போம், குளிர் தெரியாது. வெட்டியா நின்னா யாருக்கும்தான் பிடிக்கும்.

காய்ச்சல். சரியான காய்ச்சல். எமல்டா பக்கத்துலயே இருந்தா. கஞ்சி, கசாயம், நெத்தியில பத்து. காய்ச்சல் இறங்கிட்டு, ஆனா இருமலை நான் விடல. அவ அடுப்படியில இருந்தா ஒரு இருமல். போன்ல டூர்க்காரர்கிட்ட பேசினா ரெண்டு இருமல். இது பொய்யில்ல தம்பி, இருந்த இருமலைத்தான் கொஞ்சம் கூட்டிக்கிட்டேன்.

கிளம்புறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அவ வந்து கட்டில்ல உக்காந்தா. "நான் போகல. உங்களை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது"ன்னா. நான் ஜெயிச்சுட்டேன்! இத்தனை நாள் பாடுபட்டதுக்குப் பலன் வந்துட்டு. போயிப் பெட்டியைத் திறந்து, புதுசா வாங்குன நீலச் சுவெட்டரை எடுத்தா. மடியில வச்சு, கையை உள்ள மடக்கி, தடவித் தடவி மடிச்சா. அழல. அவ அழற ஆளு கிடையாது. பீரோவுல சேலைக்கு அடியில வச்சுட்டு, அரிசி களையப் போயிட்டா.

எனக்கு அந்தச் சுவெட்டரைப் பாக்கவே பிடிக்கல. என்னத்தைச் சொல்ல. புதுச் சுவெட்டர் வீணாப் போகுதேங்கிற கவலைதான், வேற ஒண்ணுமில்ல. எந்திரிச்சு நேரா அடுப்படிக்குப் போயி, "என்ன ஆக்குத? பசிக்கி"ன்னேன். அவ திரும்பிப் பாக்கா. மீனைப் பொரிக்கச் சொல்லித் தின்னேன். ரெண்டாவது தட்டு சோறு வாங்கினேன். ஒரு இருமல் இல்ல. "எனக்கு என்ன கேடு? நல்லாத்தான இருக்கேன். நீ போ"ன்னேன்.

அவ முகம் மலர்ந்துட்டு. உடனே சொல்லுதா, "நல்லாயிட்டுன்னா நீங்களும் வாங்க. ஜன்னல் சீட்டு அப்படியேதான் இருக்கு."

மாட்டிக்கிட்டேன் பாத்தீங்களா! அவ போற அளவுக்கு நான் சுகமா இருக்கணும், நான் போகாத அளவுக்குச் சீக்கா இருக்கணும். இப்படி ஒரு வியாதி எந்த ஆஸ்பத்திரியில கிடைக்கும்? நல்லவேளை, எங்க தெருமுனையில ஒரு டாக்டர். சளியில காது அடைச்சிருக்கு, பிளேன்ல ஏறப்படாது, தரையில இருந்தா ஒண்ணும் செய்யாதுன்னு எமல்டா முன்னாடியே சொல்லிட்டாரு. நான் சொல்லச் சொன்னேன்னா? சேச்சே. முந்தின நாள் அவரைப் பாக்கப் போனது வேற விசயமா.

போயிட்டா. ஆட்டோவுல ஏறும்போது கூட, "காதுல தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க"ன்னுட்டுத்தான் போனா. வீட்டுக்குள்ள வந்தேன். நிம்மதி. சத்தமில்ல. டிவியை என் இஷ்டத்துக்கு வச்சேன். அப்புறம் அணைச்சேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரொசாரியம்மா கூட இல்ல, சண்டை போடவாவது. முருங்கையில அந்தக் கயிறு மட்டும் தொங்குது.

அப்புறம் ஒருநாள் போன் வந்துட்டு. மூஞ்சி தெரியிற போன். நீலச் சுவெட்டர், குரங்குக் குல்லா, மூக்கு சிவந்து கிடக்கு. குதிரையில போனாளாம். ரொசாரியம்மா எல்லாருக்கும் முன்னாடி போச்சாம், குதிரைக்காரனே பாராட்டுனானாம். போனைத் திருப்பி எனக்குப் பனியாத்தைக் காட்டுனா. நான் பாத்துட்டுச் சொன்னேன், "என்னடி இது, அழுக்கா இருக்கு! கல்லும் மண்ணும்! எங்க கம்பெனி ஐஸைப் பாரு, கண்ணாடி"ன்னு. "அழுக்குதான். இழுத்துக்கிட்டு வருதுன்னு சொன்னேன்லா. நான் பிள்ளைகளுக்கு நடத்துனது அத்தனையும் அப்படியே இருக்குங்க. அப்படியே இருக்கு"ன்னா. சொல்லிட்டுப் போனை அவ பக்கம் திருப்புனா. பாத்தா, அழுதுக்கிட்டு இருக்கா. எமல்டா! எங்க அம்மா சாவுக்குக் கூட எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்துட்டு நின்னவ. பக்கத்துல ஒரு ஆளு கூட இல்ல, கையைப் பிடிக்க. எல்லாம் போட்டோ எடுக்கப் போயிட்டாங்க போல. நான் இங்க ஈசிச்சேர்ல உக்காந்திருக்கேன். அதுக்குப் பெறகு எனக்கு அந்த ஈசிச்சேரே பிடிக்கல தம்பி.

கண்ணைத் துடைச்சுட்டுச் சொல்லுதா, "உங்களுக்கு ஒரு கை ஐஸ் எடுத்து ஃபிளாஸ்க்குல போட்டிருக்கேன். நீங்கதான் தொழில்காரர், நல்ல ஐஸா, கெட்ட ஐஸான்னு பாத்துச் சொல்லணும்"னு. போடி, ஊர் வந்து சேருறதுக்குள்ள தண்ணிதான்னேன். இன்னிக்குக் காலையில டெல்லி ஏர்போர்ட்ல இருந்து கூப்பிட்டா. போன் பக்கத்துல வச்சு ஃபிளாஸ்க்கைக் குலுக்குனா. கலகலன்னு கேட்டுது தம்பி! கோலிக்காய் அளவாவது இருக்கும். மூடியைத் திறந்துராத, வெயில்ல வைக்காத, ஆட்டாதன்னு சொல்லிட்டு வச்சேன். வச்ச கையோட கம்பெனிக்குப் போனேன்.

எங்க இறங்கவா? மதுரைக்குள்ள போகல, முன்னாடியே ஏர்போர்ட் விலக்குல இறங்கிருவேன். ஆமா, எமல்டா பிளேன் அங்கதான் இறங்குது. மக வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிருவா, என்னை யாரும் வரச் சொல்லல. சும்மாதான். ஒரு பிளேன் இறங்குறதைப் பாத்த மாதிரியும் இருக்கும். பாக்குறதுக்கு என்ன பயம்?

ஐயையோ, கண்டக்டர் வாராரு. என்னங்க? தண்ணியா? சொட்டுதா? மீன் தண்ணி இல்லய்யா, சத்தியமா மீன் இல்ல. இந்தா, திறந்தே காட்டிருதேன், எல்லாரும் பாருங்க. வெறும் ஐஸ். பொடிச்ச ஐஸ். மேல உமி, அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க தம்பி. சீலான்னு சும்மா சொன்னேன். நடுவுல அந்தக் குழியா? அது ஃபிளாஸ்க் அளவுக்கு. வீட்டுல அதுக்குச் சோடி ஃபிளாஸ்க் ஒண்ணு இருக்கு, அதை வச்சு அளவெடுத்துத் தோண்டினேன். ஏர்போர்ட்ல இருந்து வீடு வரைக்கும் தாங்கணும்லா. அது உருகிட்டுன்னா நான் என்ன ஐஸ் கம்பெனிக்காரன்?

சரி, கண்டக்டர் போயிட்டாரு. கொஞ்சம் கிட்ட வாங்க, ஒண்ணு கேக்கணும். அடுத்த வருசம் சப்பரம் முடிஞ்சதும் மறுபடியும் போறாங்களாம், வேற ஏதோ பனியாறு. நீங்க பிளேன்ல போயிருக்கீங்களா? போயிருக்கீங்க. அது தரையை விட்டுக் கிளம்பும்பாங்களே, அந்த நேரத்துல எதைப் பிடிச்சுக்கிடணும்?

பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுக்கிடலாமா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கள்லா?

அப்பச் சரி. தம்பி, அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. வெயில் பெட்டி மேல விழுது.